சுழலாத வானம்

அன்றைக்கு அறையில் இருந்தவர்கள்: அலீனா, பதினொரு வயது. அவள் தம்பி ஃபைஸ், எட்டு. மேல்சித்தாமூர் நயினார் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். என் மாமா மகள் பூங்குழலி, பத்து வயது. அவள் அக்கா ஜெயஸ்ரீ, எனக்கு நிச்சயம் செய்திருந்த பெண். நான்.

ஜெயஸ்ரீ வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தெரிந்திருந்தால் கரண்ட் இல்லை என்று சொல்லி வகுப்பை நிறுத்தியிருப்பேன். பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டும் வகுப்பு அது. வாத்தியார் நான். அந்த அறையில் என் கண்ணுக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் குறைந்தால் என் கண் வேலை செய்யாது. இரண்டு வருடத்துக்கு முன் புதுச்சேரியில் ஒரு கண் டாக்டர் பார்த்தார். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது, முதலில் இருட்டில் பார்வை போகும், பிறகு ஓரப் பார்வை, மிச்சம் எவ்வளவு நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். உங்கள் அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீங்களும் சொந்தத்தில் பெண் எடுக்காதீர்கள், எடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்தப் பெண்ணையும் கூட்டிவந்து பரிசோதனை செய்துவிட்டு முடிவெடுங்கள் என்று சொல்லி, அதைச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். திண்டிவனத்தில் பஸ் மாறும்போது அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

இந்தச் சித்திரையில் ஜெயஸ்ரீக்கும் எனக்கும் நிச்சயம் ஆனது. ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். ஆவணியில் கல்யாணம். அதுவரை என் கண் விஷயம் யாருக்கும் தெரியக்கூடாது. என் திட்டம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்ன என்று யோசிக்கவில்லை. டிகிரியை இரண்டாம் வருடத்தில் விட்டவன், வேலையை மூன்றாம் வருடத்தில் விட்டவன் நான். ஜெயஸ்ரீயைத் தவிர என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

வேலை, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கிடங்கில். இரவு ஷிஃப்ட். பகலில் தூங்க வேண்டும் என்பதால் நாங்கள் நாலு பேர் இருந்த அறையின் ஜன்னல்களுக்கு அட்டை ஒட்டியிருந்தோம். அந்தப் பகல் இருட்டில் போட்டுப் பார்க்கத்தான் ஆன்லைனில் இந்த ப்ரொஜெக்டரை வாங்கினேன். தேங்காய் அளவு கறுப்பு உருண்டை. உள்ளே ஒரு வட்டத் தகடு, பின்னால் ஒரு பல்ப். கூரை முழுக்க வானம் விழும். முதல் வருடம் ஆயிரக்கணக்கில் பார்த்தேன். இரண்டாம் வருடம் குறைந்தது. பல்ப் மங்குகிறது என்று நினைத்து மாற்றினேன். மறுபடி மாற்றினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவன், கண் கூசுது, அணைச்சித் தொலைடா என்றான். அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது. அடுத்த மாதம் கிடங்கில் தள்ளுவண்டியை ஒருவன் கால்மேல் ஏற்றினேன். சூப்பர்வைசரோடு சண்டை என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். யாரும் சந்தேகப்படவில்லை. பாதியில் விடுவது என் பழக்கம் என்று வீட்டில் ஏற்கெனவே பெயர்.

செஞ்சியில் ரியாசுதீன் பாயின் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் எடை எழுதும் வேலை கிடைத்தது. பகல் வேலை. ப்ரொஜெக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டு, என் பொண்ணு அலீனா சதா வானத்தையே பாத்துக்கினு கெடக்குது, அதுக்குச் சொல்லிக் குடேன் என்றார் பாய். மண்டிக்கு மேலே மூட்டை அடுக்கும் அறையைத் திறந்துவிட்டார். ஜன்னல் கிடையாது. ஷட்டரை இறக்கினால் மத்தியான மூன்று மணிக்கும் கும்மிருட்டு. ஞாயிறுதோறும் மூன்றிலிருந்து ஐந்து வரை வகுப்பு.

நான் சொல்லிக்கொடுத்த விதம் இது. தரையில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டேன். ப்ரொஜெக்டர் எப்போதும் அந்தச் சதுரத்துக்குள், சுவிட்ச் ஷட்டர் பக்கம் பார்த்தபடி. முதல் நாள் பிள்ளைகளைவிட்டே எது எங்கே இருக்கிறது என்று சொல்லவைத்து மனப்பாடம் செய்துகொண்டேன். இரும்புத் தூலத்தின் நடுவில் ஓரியன் என்கிற வேடனின் இடுப்பு, மூன்று நட்சத்திரம் வரிசையாக. அதற்கு ஒரு முழம் மேலே சிவப்பாகத் திருவாதிரை. சுவர் மூலையில் கார்த்திகைக் கூட்டம். வானம் மெல்லச் சுழல்வதற்கு அந்த மிஷினில் ஒரு மோட்டார் உண்டு. அதை நான் போட்டதே இல்லை. சுழன்றால் எனக்கு இடம் தவறிவிடும். அலீனா கேட்டபோது மோட்டார் ரிப்பேர் என்று சொன்னேன். அதனால் என் பிள்ளைகள் கற்றுக்கொண்ட வானம் அசையாது.

மாசி மாதம் ஒரு வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப்போன பிறகு பூங்குழலி மாடிப்படியில் நின்றாள்.

"மாமா, ஒங்களுக்கும் ஒண்ணும் தெரியலதான?"

யார் சொன்னது என்று கேட்டேன்.

"நீங்க செவுத்தப் புடிச்சிக்கினு எறங்குறீங்க. நானும் அப்டித்தான்."

விசாரித்தேன். பொழுது சாய்ந்தால் வீட்டில் குடத்தை இடறிவிடுகிறாள், அம்மா அடிக்கிறாள். டியூஷன் விட்டு வரும்போது கால்வாயில் விழுந்திருக்கிறாள். கவனம் இல்லாத கழுதை என்று பெயர். அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் வந்தது. அவளுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். அவளுக்கும் இருக்கிறது என்றால் மாமா வீட்டு ரத்தத்திலும் அது ஓடுகிறது. அப்போதே ஜெயஸ்ரீயை எனக்குக் கட்டும் பேச்சு வீட்டில் இருந்தது; அவளிடமும் மறைந்து இருக்கலாம். எங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒவ்வொன்றாக இதேபோல் சுவரைப் பிடிக்கலாம். டாக்டர் சொன்னது இதைத்தான்.

அன்றைக்கே மாமாவிடம் போயிருக்க வேண்டும். நான் அந்தப் பத்து வயதுப் பெண்ணிடம், இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும் என்றேன். படிகளை எண்ணக் கற்றுக்கொடுத்தேன். அறையில் எது எங்கே என்று ஒப்பிக்க வைத்தேன். கேள்வி கேட்டால் தயங்காமல் சத்தமாகச் சொல், தயங்குகிறவர்களைத்தான் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரப் பெண். இரண்டே மாதத்தில் வகுப்பில் அவள்தான் முதல். கார்த்திகையில் எத்தனை என்று கேட்டால் மற்றவர்கள் எண்ணி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். வகுப்பு விட்டு வரும்போது இருக்கிற சந்தோஷத்தை அவள் முகத்தில் வேறு எப்போதும் பார்த்ததில்லை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது அந்த ஞாயிறு. ஆனி மாதம். ஜெயஸ்ரீ இ-சேவை மையத்தில் வேலை செய்கிறாள், ஞாயிறு லீவு. தங்கையோடு படியேறி வந்து, கல்யாணத்துக்கு முன்னாடி மாப்ள இன்னா பொழப்பு பாக்குறார்னு பாத்துக்கணும் இல்ல என்றாள். டிக்கெட் எடுத்தியா அக்கா என்று அலீனா கேட்டாள். நயினார் வீட்டுப் பிள்ளைகள் சிரித்தன. அவளுக்கு ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்காரவைத்தார்கள். நான் ஷட்டரை இறக்கினேன்.

இருட்டியதும் சுவிட்சைத் தேடிப் போட்டேன். பிள்ளைகள் வழக்கம்போல ஓவென்றார்கள். ஜெயஸ்ரீ அம்மாடி என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு வியப்பை நான் கேட்டதில்லை. எனக்கு மிஷினின் சிவப்புப் பொட்டு விளக்கு மட்டும் தெரிந்தது.

ஃபைஸ் தன் அக்கா அலீனாவின் பக்கத்தில் போய் உட்கார எழுந்தான். ஒயரில் கால் தட்டி மிஷின் உருண்ட சத்தம் கேட்டது. சிவப்புப் பொட்டு மறைந்தது. ஒண்ணும் ஆவல சார், வெச்சிட்டேன் என்றான். சதுரத்தில்தான் வைத்தானா, எந்தப் பக்கம் பார்த்து வைத்தான் என்று போன் டார்ச்சை அடித்துப் பார்த்திருக்கலாம். ஜெயஸ்ரீ எதிரில் தரையைத் தடவிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டேன்.

நட்சத்திர வெளிச்சம் இங்கே வந்து சேர எத்தனை வருடம் ஆகும் என்று பேசிக்கொண்டிருந்தேன். அது பாதுகாப்பான பாடம், எதையும் சுட்டிக்காட்ட வேண்டாம். நடுவில் ஜெயஸ்ரீ, அதெல்லாம் இருக்கட்டும், என் நட்சத்திரத்தைக் காட்டுங்க என்றாள். அவள் திருவாதிரை. ஜாதகப் பொருத்தம் பார்த்த அன்று வீடே அதைப் பேசியது.

லேசர் டார்ச்சை எடுத்தேன். தூலத்தின் நடு, ஒரு முழம் மேலே. நூறு முறை செய்தது. பச்சைப் புள்ளியை அங்கே நிறுத்தி, இதுதான் என்றேன்.

அப்புறம் பூங்குழலியின் குரல், தெளிவாக, சத்தமாக.

"ஆமா, அதான்க்கா. செவப்பா மின்னுது பாரு. கீழ மூணு வரிசையா இருக்குது பாரு, அதான் இடுப்பு."

"எங்க?" என்றான் ஃபைஸ். "அங்க ஒண்ணுமே இல்ல. வெறும் கருப்பு."

அலீனா அவனை அடக்கினாள். சார் டெஸ்ட் வெக்கிறார்டா என்றாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம், டெஸ்ட், யார் சரியாகச் சொல்கிறீர்கள் பார்ப்போம் என்றேன். திருவாதிரை ஷட்டர் பக்கம் இருக்கிறது சார், எல்லாமே இன்றைக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று நயினார் வீட்டுப் பெரிய பையன் சொன்னான்.

அதோடு முடிந்திருக்கும். பூங்குழலிக்கு நான் தப்பிக்கப் பார்ப்பது புரியவில்லை. தயங்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தானே.

"இல்ல, இங்கதான் இருக்குது. எனக்கு நல்லாத் தெரியுது. நீங்கதான் தப்பாப் பாக்குறீங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, வகுப்பில் முதலாக வருகிறவள் தவறினால் வரும் சிரிப்பு. ஜெயஸ்ரீ தன் போன் டார்ச்சைப் போட்டாள். தங்கையின் முகத்தில் அடித்தாள். பிறகு என் முகத்தில். பிறகு எழுந்துபோய் ஷட்டரைத் தூக்கினாள். இன்றைக்கு இவ்வளவுதான், மிஷின் சூடாகிவிட்டது என்று அவளே பிள்ளைகளிடம் சொன்னாள். அலீனா மற்ற மூவரையும் கீழே தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, ஃபைஸ் ப்ரொஜெக்டரைத் திருப்பி வைத்துவிட்டான் என்றேன்.

"அது திரும்புச்சு, சரி. நீங்க ரெண்டு பேரும் ஏன் மாமா திரும்பல?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அந்த நிம்மதிக்காக என்னை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஜெயஸ்ரீ ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டாள். டாக்டர் சொன்னதைச் சொன்னபோது அவள் கை பக்கத்தில் கிடந்த மல்லாட்டை ஓட்டை எடுத்து நொறுக்கிக்கொண்டிருந்தது. பூங்குழலி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான்தான் ஏதோ தவறாகச் சொல்லி மாட்டிவிட்டோம் என்று நினைத்தாள் போல, சாரி மாமா என்றாள்.

ஜெயஸ்ரீ ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பூங்குழலிக்கும் இருக்கிறது என்று நிச்சயத்துக்கு முன்பே எனக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றேன்.

ஆவணி வரை பொறு என்று கேட்டேன். காலைத்தான் பிடிக்கவில்லை, மற்றபடி எல்லா விதத்திலும் கெஞ்சினேன். கல்யாணம் முடியட்டும், நானே பூங்குழலியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், நமக்குப் பிள்ளையே வேண்டாம், நான் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன், என்றெல்லாம். அவள் ஓட்டுத் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டாள்.

"நைனாகிட்ட நீயே வந்து சொல்லு. நான் சொன்னா கல்யாணத்த நிறுத்த கத கட்டுறேன்னு சொல்லுவாரு."

அதுவரை அவள் என்னை நீ என்று சொன்னதில்லை.

மாமா வீடு இருக்கும் சிறுகடம்பூர் வரை நடந்தோம். ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜெயஸ்ரீ முன்னால் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். இன்னும் எவ்வளவு நேரம் வெளிச்சம் இருக்கும் என்று என் மனம் கணக்குப் போட்டது. இந்த நிலைமையிலும் அந்தக் கணக்கு நிற்காது. மாமா தெருவில் குழாய் பதிக்க ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் பள்ளத்தின் குறுக்கே ஒரு பலகை.

மாமா ஆனந்தராஜ் அரிசி ஆலையில் வேலை செய்கிறவர். என் அம்மாவின் தம்பி. அத்தை தொண்டூருக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தாள். மாமா லுங்கியோடு தரையில் உட்கார்ந்து, பிரஸ்ஸிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகைகளுக்கு மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு கட்டு முடிந்திருந்தது. வாடா, நல்ல நேரத்துல வந்த, நீயும் ஒரு கை குடு என்றார்.

நான் உட்கார்ந்தேன். ராத்திரியில் எனக்குச் சரியாகக் கண் தெரிவதில்லை மாமா என்று ஆரம்பித்தேன். மாமா நிமிரவே இல்லை. மாலைக்கண்ணு, உன் தாத்தாவுக்கும் இருந்துச்சி, ஆட்டு ஈரல் நாலு வாரம் சாப்டு, ஓடியே பூடும் என்றார். அது வேறு, இது வேறு என்றேன். ஜெயஸ்ரீ குறுக்கிட்டு, குழலிக்கும் இருக்குது நைனா என்றாள். டாக்டர் சொன்னதை நான் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். நாளைக் காலையில் தங்கையைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போகிறேன், இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று முடித்தாள்.

மாமாவின் விரல் மஞ்சளோடு அப்படியே நின்றது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். ஆலையில் ஒருவன் வீட்டில் இப்படித்தான் ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது என்று தெரிந்து மற்ற இரண்டு பெண்களும் முப்பது வயதுவரை வீட்டில் இருந்தார்கள் என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டு வந்துவிட்டால் அதை மறைக்க முடியாது என்றார். சின்னவளை எவன் கட்டுவான் என்றார். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் திரும்பி என் முழங்காலைப் பிடித்தார். என் பேண்ட்டில் மஞ்சள் ஒட்டியது.

"சேரா. நீ சொல்லு. மிஷின் திரும்பிடுச்சி, அவ்ளோதான? கண்ணுல ஒண்ணும் இல்லதான? நீ ஒரு வார்த்த சொல்லிட்டா இது இங்கியே முடிஞ்சிடும்."

மடியில் இருந்த பத்திரிகையில் என் பெயரும் ஜெயஸ்ரீ பெயரும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தன. டியூப் லைட்டின் நல்ல வெளிச்சம். ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரிந்தது.

"மிஷின்தான் மாமா," என்றேன். "நான் பயந்து எதையோ உளறிட்டேன்."

மாமா மூச்சு விட்டார். சின்ன மகளைக் கூப்பிட்டார். குழலி, உனக்கு ராத்திரியில நல்லாத் தெரியுதுல்ல என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டவில்லை, அதட்டவில்லை, எதுவும் செய்யவில்லை. தேவைப்படவில்லை.

"தெரியுது நைனா," என்றாள், தயங்காமல், சத்தமாக. "எல்லாம் தெரியுது."

அப்புறம் என்ன என்று மாமா பெரியவளைப் பார்த்துக் கேட்டார். மறுபடியும் மஞ்சளில் விரலைத் தொட்டார்.

ஜெயஸ்ரீ என்னையோ அப்பாவையோ பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெகுநேரம். பிறகு வாசல் கதவைத் திறந்தாள். வெளியே வெளிச்சம் போயிருந்தது. தெருவிளக்கு இன்னும் போடவில்லை. கதவுச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் இல்லை.

"கௌம்பு," என்றாள். "போனக் குடுத்துட்டுப் போ. டார்ச் எதுக்கு ஒனக்கு?"

இன்னாடி இது, மாப்ளய இப்டிப் பேசற என்று மாமா சொன்னார். அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.

"இப்பவாவது அவ எதுர்ல சொல்லு. தெரியலன்னு சொல்லு. அவளாவது நம்புவா."

சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. பத்திரிகைக் கட்டுகளைப் பார்த்தேன், இரண்டு முடிந்தது, மூன்றாவது பாதி. இன்னும் ஒரு வழி இருக்கிறது, நாளைக்குள் அவள் கோபம் தணியும், மாமா பேசுவார், அத்தை வந்து பேசுவாள் என்று எனக்குத் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது.

போனைக் கொடுத்தேன். செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டேன். பலகை இருக்கும் இடத்தை உத்தேசித்து இரண்டு அடி வைத்தேன். காலடியில் பலகை இருந்தது. அதன் ஓரம் எங்கே என்று தெரியவில்லை. நின்றேன்.

பின்னால் ஜெயஸ்ரீயின் குரல் கேட்டது. என்னிடம் அல்ல.

"குழலி, ஒன் ஆதார் அட்டைய எடுத்து வை. காலைல மொத பஸ்."

நைனா என்று பூங்குழலி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். மாமா ஜெயா ஜெயா என்றார். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குப் பிறகு பூட்டில் சாவி இரண்டு முறை திரும்பியது.